எந்த பஸ்ஸிலும் ஏறாதவர்கள்

ஹல்துமுல்லையில் மத்தியானம் கழிந்தால் மூடுபனி கீழிருந்துதான் ஏறிவரும். தெற்கே தாழ்ந்து விரிந்த சமவெளியில் குளங்கள் மினுங்கிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்து மலையின் தேயிலைக் கொழுந்து நிரைகள் ஒவ்வொன்றாக மறையும். பிறகு வீதியும் மறைந்துவிடும். அந்த வெண்மைக்குள் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு நாங்கள் சில பெண்கள் பஸ் தரிப்பிடத்தில் நிற்போம். பஸ் வரும், நிற்கும், போகும். நாங்கள் ஏறமாட்டோம்.

அப்போது நான் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்தேன். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுச்செல்லும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. தையல் வகுப்பு நடத்த மாதத்தில் ஓரிரு முறை ஒரு கன்னியாஸ்திரி வருவார். கிழக்கில் சண்டைக்குப் பயந்து ஊர்விட்டு ஊர் ஓடும் சனங்களைப் பற்றி, ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே, சத்தம் கூட்டாமல் சொல்வார். ஒருநாள் அவருடன் சந்தையில் காய்கறி விற்கும் சிங்கள அக்காவும் வந்திருந்தார். இராணுவத்தில் சேர்ந்த அவருடைய மகனைப் பற்றிச் செத்தான் என்றும் தகவல் இல்லை, இருக்கிறான் என்றும் தகவல் இல்லை. இந்தச் சண்டை வேண்டாம் என்று எல்லோரும் சேர்ந்து வீதியில் நின்றால் என்ன என்று கேட்டவர் அவர்தான்.

முதல் தடவை தபால் கந்தோருக்கு முன்னால், இரண்டு மொழியிலும் எழுதிய துணியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரத்திலேயே பொலிஸ் அதிகாரி வந்தார். அவசரகாலச் சட்டத்தில் இப்படிக் கூட்டம் கூட அனுமதியில்லை என்றார். கெட்ட மனிதர் அல்ல, களைத்துப் போயிருந்தார். பஸ்ஸுக்கு நிற்கவும் அனுமதி வேண்டுமா என்று அக்கா சிங்களத்தில் கேட்டார். அதற்குத் தேவையில்லை என்று சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து பஸ் தரிப்பிடத்துக்கு வந்துவிட்டோம். துணி இல்லை, பேச்சும் இல்லை. ஆரம்பத்தில் கண்டக்டர்மார் ஏறச் சொல்லிக் கத்துவார்கள். கதை பரவிய பிறகு, எங்களைக் கண்டால் சாரதிகள் வேகத்தைக் குறைத்தார்கள். சிலர் ஹோர்னை மெல்லத் தட்டினார்கள், சிலர் காறித் துப்பினார்கள். கிழக்கிலிருந்து கொழும்புக்குப் போகும் பஸ் என்றால் ஜன்னல் வழியே ரொட்டிப் பார்சல்களை நீட்டுவோம். வாங்குகிற கை மட்டும்தான் பனிக்குள் தெரியும்.

அம்மாவுக்கு இது பிடிக்கவேயில்லை. "நம்மளயே எப்ப வந்து புடிச்சிட்டுப் போவானுங்களோன்னு இருக்கோம். ஒனக்கு எதுக்குடி இந்த வேல?" என்பார். சேலையைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவேன்.

கொழும்பில் குண்டு வெடித்திருந்த ஒரு வாரம். அந்தச் சனிக்கிழமை பொலிஸார் தரிப்பிடத்திலேயே சோதனை போட்டிருந்தார்கள். கிழக்கு பஸ் வந்ததும் எல்லோரையும் இறக்கி, அடையாள அட்டையைப் பார்த்து, தமிழாட்களை மட்டும் தூறலில் வரிசையாக நிறுத்தினார்கள். மற்றவர்கள் திரும்பவும் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். வரிசையின் கடைசியில் கைக்குழந்தையுடன் ஒரு பெண் நின்றாள்.

அக்கா எங்களை விட்டு நடந்துபோய் அவளுக்குப் பின்னால் நின்றார். அவர் நிற்கத் தேவையில்லை என்று பொலிஸ்காரர் ஒருவர் சொன்னார். அக்கா தன் அட்டையை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். என் அட்டையைப் பார்த்தால் நானும் அந்த வரிசையில் நிறுத்தப்பட வேண்டிய தமிழாள்தான். இருந்தாலும் போனேன். அக்காவுக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் கன்னியாஸ்திரி, பிறகு மற்றவர்கள். யார் பஸ்ஸில் வந்தவர், யார் ஊரவர் என்று பனியில் பிரித்தறிய முடியாமல் வரிசை நீண்டுவிட்டது.

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். "நீங்களெல்லாம் எங்க போற ஆக்கள்?"

"எங்கயும் போகலங்க. உங்களோட நிக்கிறோம்," என்றேன்.

அவள் பையில் அட்டையை மறுபடியும் தேடுவதற்காகக் குழந்தையை என்னிடம் தந்தாள். நாளெல்லாம் பிள்ளை தூக்குகிறவள் நான். ஆனாலும் அந்தக் குழந்தை என் தோளில் சாய்ந்ததும் எல்லாம் வெகு தூரத்தில் நடப்பதுபோல் ஆகிவிட்டது. அது சுற்றியிருந்த துணியில் வெயிலில் காய்ந்த வாசம் இருந்தது. எங்கள் பக்கம் அந்த மாதங்களில் துணி காய்வதேயில்லை. அது எந்த ஊர் வெயிலோ, அந்த ஊரில் இப்போது யார் மிச்சமோ என்று நினைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றேன்.

கண்ணைத் திறந்தபோது, தபால் கந்தோருக்கு முன்னால் எங்களைத் தடுத்த அதே அதிகாரி எதிரில் நின்றார். என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அட்டைகளை வேகமாகப் பார்த்து, ஒரு வாலிபனைத் தவிர மற்றவர்களை ஏறச் சொன்னார். குழந்தையைத் திருப்பிக் கொடுத்தேன். தூக்கம் கலையாமலே தாயின் தோளுக்குப் போனது. வாலிபனுடன் கன்னியாஸ்திரி பொலிசுக்குப் போனார். மறுநாள் மத்தியானம் அவனைக் கூட்டிக்கொண்டுதான் வெளியே வந்தார்.

சமாதானப் பேச்சு நடந்த காலத்தில் நாங்கள் நிற்பதை விட்டோம். சண்டை மறுபடி தொடங்கியதும் மறுபடி நின்றோம். ஆட்கள் குறைந்திருந்தார்கள். கன்னியாஸ்திரிக்கும் வேறு ஊருக்கு மாற்றம் வந்திருந்தது.

சண்டை முடிந்துவிட்டது என்று அறிவித்த அன்று, வெற்றியைக் கொண்டாடிக் கடைவீதியில் பாற்சோறு கொடுத்தார்கள். அக்கா சந்தைக்குப் போகாமல் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்து, வாசற்படியில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தார்.

"சண்ட முடிஞ்சது, நங்கி," என்றார். எப்போதும் என்னை அவர் சிங்களத்தில் தங்கை என்றுதான் கூப்பிடுவார். "மகன் வரல்ல. அந்தப் பக்கத்து அம்மாங்களுக்கும் வரல்ல."

அம்மா உள்ளேயிருந்து வந்தார். அக்காவின் கையைப் பிடித்து எழுப்பி, அடுப்படிக்குக் கூட்டிப்போய்த் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் பாதிதான் புரியும். ஆனாலும் பேசிக்கொண்டிருந்தார்கள். பொழுது சாய, நான் அவரை அவருடைய கிராமம்வரை கொண்டுபோய்விட்டேன். கீழே எங்கெங்கோ பட்டாசு வெடித்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அக்கா திடுக்கிட்டு நின்றார். அது அடங்கும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாக இறங்கினோம்.