குட்டைக்குக் கட்டிய வேப்பிலை

எங்கள் வீட்டுக்குப் பின்னால், கிணற்றுக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் நடுவில், தார்ப்பாய் விரித்த ஒரு குட்டை இருக்கிறது. அதில் ஜிலேபி மீன் வளர்த்தோம். போன கோடையில் ஒருநாள் காலை பத்துப் பன்னிரண்டு மீன்கள் கண் பிதுங்கி, தோலில் சிவப்புத் திட்டுகளோடு மிதந்தன. மறுநாள் இன்னும் அதிகம்.

வெயில் என்றார் என் வீட்டுக்காரர். தீவனக் கடைக்காரர் ஒரு பாட்டில் மருந்து கொடுத்தார். எதிர்வீட்டுக்காரர் கல்லுப்பு போடச் சொன்னார். எல்லாவற்றையும் கொட்டினோம். மீன்கள் தம்பாட்டுக்குச் செத்துக்கொண்டிருந்தன.

நான்காம் நாள், உயிர் இழுத்துக்கொண்டிருந்த இரண்டு மீன்களைத் தூக்குவாளியில் ஐஸ் போட்டு வைத்துக்கொண்டு நானே பஸ் ஏறினேன். இறங்கும் இடத்தைக் கண்டக்டரிடம் இரண்டு முறை சொல்ல வேண்டிவந்தாலே எனக்கு வியர்த்துவிடும். உளுந்தூர்பேட்டையில் மாறி ஏறிய பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா வாளியைப் பார்த்தார், மூக்கைப் பொத்தினார், எழுந்து போய் நின்றுகொண்டே வந்தார். கள்ளக்குறிச்சி வரைக்கும் நான் ஜன்னலைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

மீன்வள அலுவலகத்தில் இருந்த இளம் பெண் அதிகாரி செவுளை விரித்துப் பார்த்தார். வைரஸ் போலத்தான் தெரிகிறது, பரிசோதனைக்கு அனுப்புகிறேன் என்றார். இதற்கு மருந்து கிடையாது. செத்ததைச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். அந்தக் குட்டைத் தண்ணீரும், அதில் போட்ட வலையும், அதில் மொண்ட பாத்திரமும் இன்னொரு குட்டைக்குப் போகவே கூடாது. ஒரு குவளைத் தண்ணீர் போதும், அடுத்த குட்டையும் போய்விடும் என்றார்.

எனக்கு உடனே என் நாத்தனார் ஞாபகம்தான் வந்தது. என் வீட்டுக்காரரின் அக்கா. இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். கணவர் இல்லை, குட்டை மீன்தான் அவருக்கு வருமானம். அந்த மாதக் கடைசியில் வியாபாரி வண்டி வரவிருந்தது.

எங்கள் தெருவில் குட்டை உள்ள வீடுகள் ஐந்து. வலை ஒன்றுதான். கடைசியாக யார் வீசினார்களோ அவர்கள் வீட்டில் தொங்கும். அப்போது அது எங்கள் கொட்டகையில் தொங்கியது.

அன்று மாலையே தெருவில் சொன்னேன். எதிர்வீட்டுக்காரர் சிரித்தார். "மீனுக்குக்கூட கொரோனாவா? ஆளுக்கொரு மாஸ்க் போட்டு வுடு." எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். அத்தோடு என் வாய் மூடிக்கொண்டது.

அடுத்த இரண்டு நாளில் வலை கேட்டு மூன்று பேர் வந்தார்கள். கிழிந்திருக்கிறது, தைக்க வேண்டும் என்று பொய் சொன்னேன். வலையை ப்ளீச்சிங் தண்ணீரில் ஊறவைத்து, வைக்கோலுக்கு அடியில் ஒளித்துவைத்தேன். ஒருவர் கொல்லைப்பக்கமாக வந்து என் குட்டையில் காலைக் கழுவிக்கொண்டு நேராகத் தன் குட்டைப் பக்கம் போனார். பார்த்துக்கொண்டு நின்றேன்.

கோபம் தாங்காமல்தான் அதைச் செய்தேன். ஒரு கொத்து வேப்பிலையை ஒடித்துக் கொல்லைப் படலில் கட்டினேன்.

அம்மை கண்ட வீட்டுக்குள் எங்கள் ஊரில் யாரும் நுழைய மாட்டார்கள். படலுக்கு வெளியே நின்றபடியே யாருக்கு என்று கேட்டார்கள். குட்டைக்கு என்றேன். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். படித்த பெண் செவுளைப் பார்த்துச் சொன்னதற்கு இல்லாத மரியாதை ஒரு கொத்து இலைக்கு இருந்தது. அப்பாடா என்றுகூட இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

ஆனால் அம்மை என்றால் தண்ணீர் ஊற்றுவார்களே, அதை நான் யோசிக்கவில்லை.

வேப்பிலை கட்டிய ஐந்தாம் நாள் காலை நாத்தனார் தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலோடு, ஒரு குடம் மஞ்சள் தண்ணீரில் வேப்பிலை மிதக்க வந்துவிட்டார். நான் ஓடி வருவதற்குள் படலைத் திறந்து, குட்டை ஓரத்தில் இறங்கி, பயபக்தியோடு ஊற்றி முடித்தார். பிறகு அதே குடத்தைக் குட்டையில் அமுக்கிப் பாதி நிரப்பி இடுப்பில் வைத்தார்.

"அண்ணி, இன்னா பண்றீங்க?"

"ஆத்தா எறங்குன தண்ணிடி. என் குட்டையில கொஞ்சம் வுட்டா அங்க வர மாட்டா."

"கொடத்தக் கீழ வைங்க."

"இன்னாடி?"

"கீழ வைங்கன்னு சொல்லிக்கினு இருக்கேன் இல்ல?"

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவரிடம் அப்படிப் பேசியதே இல்லை. குடத்தைப் பிடித்து இழுத்தேன். அவர் விடவில்லை. இரண்டு பேர் சேலையும் நனைந்தது. கடைசியில் குடம் என் கைக்கு வந்தது. தென்னை மரத்தடியில் கவிழ்த்தேன்.

"என் மீனு நல்லா இருக்கறது உனக்குப் பொறுக்கல" என்றார்.

அதற்கு மேலும் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. ப்ளீச்சிங் வாளியைக் காட்டி, "கால அதுல கழுவிட்டுப் போங்க அண்ணி" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. கழுவினார். கழுவிவிட்டு, குடத்தைக் கேட்காமலே போய்விட்டார்.

எங்கள் மீன்களில் ஒன்றும் மிஞ்சவில்லை. கடைசிக் குழியை மூடிய பிறகுதான், வைரஸ்தான் என்று அந்தப் பெண் அதிகாரி போன் செய்தார். தெருவில் மற்ற மூன்று குட்டைகளிலும், நாத்தனார் குட்டையிலும் ஒரு மீனுக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாதக் கடைசியில் வண்டி வந்து அள்ளிக்கொண்டு போனது. வேப்பிலைதான் தெருவைக் காப்பாற்றியது என்று அவர் எல்லோரிடமும் சொல்கிறாராம். ஊற்றிய தண்ணீரை அவமதித்துக் கொட்டியதால்தான் என் மீன்கள் செத்தன என்றும் சொல்கிறாராம்.

குடத்தைக் கழுவி மூன்று நாள் வெயிலில் காயவைத்துக் கொடுத்தனுப்பினேன். வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார். என்னோடு மட்டும் பேசுவதில்லை.