கூடத்தில் ஒலித்த பெயர்

அலுவலகத்தில் அவளுக்குச் ‘சக்கரம்’ என்று பெயர். உட்கார்ந்த இடத்தில் இருக்கமாட்டாள். இயந்திரங்கள் மனிதர்களோடு எப்படிப் பழக வேண்டும் என்று வடிவமைப்பதுதான் வேலை. ஒரு பெரிய மருத்துவமனையில் நோயாளிகளைப் பதிந்து, முறை வந்ததும் அழைக்கும் இயந்திரத்துக்குத் திரையும் குரலும் கொடுத்தவள் அவள்தான். தேன் மாதிரிக் குரல் என்று எல்லோரும் மெச்ச, அவளும் கொஞ்சம் மிதந்தாள்.

குழந்தை பிறந்த பிறகு அவள் அக்காவுக்குத் தூக்கமில்லை, பேச்சில்லை. கெஞ்சிக் கூத்தாடி அதே மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். இருவரும் காத்திருந்தபோது தேன்குரல் அக்காவின் முழுப்பெயரைச் சொல்லி, “மனநலப் பிரிவுக்கு வாருங்கள்” என்றது. கூடமே திரும்பிப் பார்த்தது. பின்வரிசையில் அக்காவின் மாமியாருக்குத் தெரிந்த பெண்மணி ஒருத்தி.

“ஊருக்கே தண்டோரா போடத்தான் கூட்டிட்டு வந்தியா?” அக்கா குழந்தையோடு எழுந்து போய்விட்டாள்.

அதற்குப் பிறகு சக்கரத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. தினமும் அந்தக் கூடத்தில் போய் நின்றாள். பெயர் ஒலித்ததும் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிலர் அழைத்தது தங்களை அல்ல என்பதுபோல் ஜன்னலைப் பார்த்தார்கள்.

“ஒருத்தர்கூட புகார் பண்ணலையே,” என்றார் மேலாளர்.

“கூனிக் குறுகி ஓடிப்போறவங்க, நின்னு புகாரா சார் பண்ணுவாங்க?”

குரலை எடுத்துவிட்டுத் திரையில் எண் மட்டும் வரச் செய்தாள். மறுநாளே, பார்வையில்லாத ஒரு பெரியவர் தன் முறை கடந்துபோனது தெரியாமல் மதியம்வரை உட்கார்ந்திருந்தார்.

“கூப்பிடுவாங்கன்னு இருந்துட்டேம்மா,” என்றார். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியிருக்கிறோம் என்று அவளுக்குச் சுருக்கென்றது.

வடிவமைப்பை மறுபடி பிரித்து மேய்ந்தாள். இப்போது பதிவின்போதே இயந்திரம் கேட்கிறது: பெயர் சொல்லிக் கூப்பிடவா, எண் சொல்லியா, கைபேசி அதிர்ந்தால் போதுமா? எந்தப் பிரிவு என்பதை மட்டும் அது யாருக்கும் உரக்கச் சொல்வதில்லை.

ஓடிப்போய் அக்காவிடம் சொன்னாள். அக்கா முகம் மலரவில்லை.

“நான் வேற டாக்டர்கிட்ட போறேன். உன் மெஷின் இல்லாத இடம்.” குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு, “நாளைக்குப் போகணும். வேணும்னா கூட வா,” என்றாள்.

போனாள். அக்கா டாக்டர் அறைக்குள் சென்றதும் குழந்தை வீறிட்டது. தோளில் சாய்த்துத் தட்டிக்கொண்டே நடைவழியில் அங்குமிங்கும் நடந்தாள். கதவு திறக்க வெகுநேரம் ஆயிற்று.