இருசப்பன் கடைப் பூசணி

இருசப்பன் பாத்திரக்கடையில் விலை கேட்க நுழைந்தால் ஊர்க்கதை முழுதும் கேட்டுவிட்டுத்தான் வெளியே வர முடியும். பக்கத்துத் தையல் கடையில் இருக்கும் எனக்கு ரேடியோ வாங்கும் செலவே இல்லை. அப்படிப்பட்ட வாய் அடைத்துப்போனது, போன தை அமாவாசையில்.

அமாவாசை சாயந்திரம் எங்கள் தெருவில் கடைக்குக் கடை திருஷ்டிப் பூசணி உடைப்போம். நடுரோட்டில் உடைத்தால் வண்டிக்காரன் சறுக்கி விழுவான் என்று, இருசப்பன் மட்டும் தன் கடைப் படியோரம் உடைப்பார். நல்ல மனசுதான். ஆனால் உடைத்ததைக் கையால் தொட்டால் கழித்த கண்ணேறு திரும்பி ஒட்டிக்கொள்ளுமாம். அதனால் காலையில் குப்பை வண்டி வரும்வரை அது அங்கேயே கிடக்கும்.

அன்றைக்குக் கீழ்பென்னாத்தூர் காசியம்மாள், பேத்தி சிந்துஜாவின் கல்யாணச் சீருக்குப் பித்தளை அண்டா எடுக்க வந்திருந்தார். அந்த அம்மா உள்ளே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் இவர் வெளியே வந்து பூசணியை உடைத்தார். பிறகு அண்டாவைத் துடைத்து, இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தார். அண்டா முன்னால் இருக்க, காசியம்மாளுக்குப் படி தெரியவில்லை. பூசணித் துண்டில் கால் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. நாற்பது வருஷமாக நடவு நட்ட உடம்பு அது.

கடைக்காரர் சங்கத் தலைவர் இளஞ்செழியன் ஓடிவந்தார். "தெரு பூரா பூசணி கெடக்குது. அந்தம்மா செருப்புல ஒட்டிக்கினு வந்துச்சுனு சொல்லிடுங்க" என்றார். இருசப்பன் தலையாட்டினார். விசாரிக்க வந்த போலீஸ்காரரிடமும் அதையே ஒப்பித்தார். பயந்தாரா, வருத்தப்பட்டாரா, எனக்குத் தெரியவில்லை. மரத்துப்போன காலை இழுத்து நடப்பவர் மாதிரி கடையைத் திறந்தார், மூடினார். சாப்பாட்டில் உப்பில்லாததுகூடத் தெரியவில்லை என்று அவர் மனைவி சொன்னார். எனக்குக் கோபம்தான் வந்தது.

ஒரு நாள் இருசப்பன், காசியம்மாளைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு என்னையும் கூப்பிட்டார். கட்டிலருகே நின்று, பூசணி தன்னுடையதுதான் என்றார். ஏன் அள்ளவில்லை என்று சிந்துஜா கேட்டாள். தொடக்கூடாது என்பார்கள் என்று முனகினார்.

காசியம்மாள் சத்தம் போடவில்லை. "கையால தொட்டா உனக்கு ஒட்டிக்கும்னு பயந்துட்ட. என் கால்ல பட்டா எனக்கு ஒட்டாதாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

இருசப்பன் அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போனார். "படி என்னுது. பூசணி என்னுது. நான்தான் அள்ளாம விட்டேன்" என்று சொல்லி மாற்றி எழுதச் சொன்னார். இளஞ்செழியன் அவரிடம் பேசுவதை விட்டுவிட்டார்.

காசியம்மாள் இப்போது கம்பு ஊன்றி வரப்புவரைதான் போகிறார். சேற்றில் இறங்க முடியாது.

அடுத்த அமாவாசைக்கும் இருசப்பன் பூசணி உடைத்தார். உடைத்த கையோடு குனிந்து, தெருவே பார்க்க, ஒவ்வொரு துண்டாகக் கையாலேயே பொறுக்கினார். படியைக் கழுவித் துணியால் துடைத்தார். கண்ணேறு ஒட்டிக்கொள்ளுமே, கை கூசவில்லையா என்று கேட்டேன். "ஒண்ணும் தெரியலங்க" என்றார்.