சூட்டக்காவின் ஐந்து புள்ளிகள்

எஃகுப் பெட்டியின் கதவைச் சாத்திவிட்டு மூன்றடி நடந்தவள், திரும்பி வந்து மறுபடியும் அழுத்திப் பார்க்கிறாள். சாத்தித்தான் இருக்கிறது. எழுபது டிகிரிச் சூட்டில் இருக்கும் அந்த எஃகுப் பெட்டிக்குள் வெந்நீர் ஊற்றிலிருந்து எடுத்து வந்த கிருமிகள் வளர்கின்றன. நம் கை வெந்துபோகும். அதுகளுக்கு அதுதான் இதம். அவற்றைப் பேணும் ஆய்வக உதவியாளரை எல்லோரும் சூட்டக்கா என்றே கூப்பிடுகிறார்கள்.

"இன்னைக்கும் உன் கிருமிக்குக் காய்ச்சல் பார்த்தியா?" என்று வீட்டுக்காரர் சீண்டுவார். "காய்ச்சல் குறைஞ்சாத்தாங்க பயம்" என்பாள், சிரிக்காமல். கிருமி வளரும் தட்டைக் கையில் எடுத்தால் வாய் முணுமுணுக்கும்: "மஞ்சளைத் தொட்ட கை வெள்ளையைத் தொடக்கூடாது, தாயே." கையுறையை மாற்றிய பிறகும், மாற்றினோமா என்று குப்பைக் கூடையை எட்டிப் பார்ப்பாள். இந்தப் பெண்ணுக்கு ஏன் இத்தனை பதற்றம்?

காரணம் இருக்கிறது. மஞ்சள், வெள்ளை என்று கிருமியில் இரண்டு ரகம். மருந்து வைத்தால் வெள்ளை செத்துவிடும், மஞ்சள் சாகாது. அதைக் காப்பது அதன் மரபணுவில் இருக்கும் ஒரு துண்டு. அந்தத் துண்டு சும்மா கிடக்காது, ஒரு கிருமியை விட்டு இன்னொன்றுக்குத் தாவும் என்பது ஆய்வகத்தை நடத்தும் பேராசிரியரின் நம்பிக்கை. எட்டு மாதமாகச் சூட்டக்கா, மஞ்சள் வளர்ந்த நீரை ஒரு கிருமிகூட மிஞ்சாமல், உதிர்ந்த துண்டுகள் மட்டும் தங்கும்படி வடிகட்டி, அதில் வெள்ளையை வளர்த்து, மருந்து கலந்த தட்டில் இடுகிறாள். வெள்ளை முளைத்தால் துண்டு தாவிவிட்டது என்று அர்த்தம். மஞ்சள் முளைத்தால் வடிகட்டியவள் கை சுத்தமில்லை. போன இரண்டு தடவையும் மஞ்சள்தான். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆளைத்தான் பார்க்கணும்மா" என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

நேற்று மருந்துத் தட்டில் ஐந்து புள்ளிகள் முளைத்திருந்தன. ஊசிமுனை அளவு, நிறம் தெரிய இன்னும் ஒரு நாள் ஆகும். அந்த ஒரு நாள் அவள் பட்ட பாடு எதிரிக்கும் வரக்கூடாது. சாப்பாடு இறங்கவில்லை.

இன்று காலை தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். வெள்ளை. இதுவும் வெள்ளை. நாலு வெள்ளை! "அப்பாடி, வந்துட்டியாடா கண்ணு!"

ஐந்தாவது, ஓரத்தில், மஞ்சள். ஒன்றே ஒன்று. அது இருக்கும்வரை மற்ற நாலையும் யார் நம்புவார்கள்? அறையில் வேறு யாருமில்லை. பக்கத்திலேயே பல்குத்தும் குச்சி டப்பா திறந்து கிடந்தது; லேசாக ஒரு சுரண்டல் போதும். படிக்கட்டில் பேராசிரியரின் செருப்புச் சத்தம் கேட்டது.

சூட்டக்கா சிவப்புப் பேனாவை எடுத்தாள். தட்டின் அடிப்புறத்தில் மஞ்சள் புள்ளியைச் சுற்றி வட்டம் போட்டு, அந்த வட்டம் மேலே தெரியும்படி கவிழ்த்து, அவர் மேஜையின் நடுவில் வைத்தாள்.