ரொட்டியின் மேல் கை வைத்து

சுல்குனுக்குப் பொய் சொல்ல வராது. சொல்ல முயன்றால் காது இரண்டும் சிவந்துவிடும். தாஷோகுஸ் நகரத்துப் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பூகோளம் நடத்துகிறவள். உலகத்திலுள்ள ஆறுகளை எல்லாம் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறாள். அவள் மட்டும் ஊர் எல்லையைத் தாண்டியது நாலைந்து முறைதான்.

மகள் லாலே இஸ்தான்புல்லில் ஒரு துணி ஆலையில் வேலை பார்க்கிறாள். அங்கேயே கல்யாணம் ஆகி, இப்போது நிறைமாதம். சாதாரண போனில் அவளோடு பேச முடியாது. லாலேயின் விசா முடிந்து ஒரு வருடம் ஆகிவிட்டது, சாதாரண போன் என்றால் நடுவில் யாரோ மூச்சு விடும் சத்தம் கேட்கும். முகம் பார்த்துப் பேசும் ஆப்களையோ அரசாங்கம் எல்லாம் அடைத்து வைத்திருக்கிறது. அதனால் மூன்று வருடமாகத் தாயும் மகளும் பார்த்துக்கொள்வது விபிஎன் புண்ணியத்தில்தான். அதைப் போட்டுவிட்டால், இன்னார் என்று தெரியாமல் வேறு ஏதோ நாட்டு வாசல் வழியாக வெளியே போய்விடலாம். அதற்கு ஒரு சாவி வேண்டும். சாவி என்றால் முழநீளத்துக்கு எழுத்தும் எண்ணும். இரண்டு மாதத்துக்கொரு முறை அது செத்துப்போகும். சந்தையில் போன் ரிப்பேர் பார்க்கிறவன் புதுசாக ஒன்றைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுப்பான். போன வாரம் அவன் கடை பூட்டிக் கிடந்தது. பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று பக்கத்துக் கடைக்காரி கண்ணாலேயே காட்டினாள். சுல்குன் நிற்காமல் நடந்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் துணைத் தலைமையாசிரியை தாவுஸ் வந்து அறிவித்தாள்: நாளைக் காலை எல்லார் போனையும் பார்க்க மேலிடத்திலிருந்து ஆள் வருகிறார்; விபிஎன் இல்லை என்று ரொட்டியின் மேல் கை வைத்து ஒவ்வொருவரும் சத்தியம் செய்ய வேண்டும். அதே புதன்கிழமை, இந்த ஊர் நேரப்படி பதினோரு மணிக்குத்தான் லாலேவுக்கு ஆபரேஷன். குழந்தை குறுக்கே கிடக்கிறதாம்.

வீட்டில் கணவன் ரெஜெப் தலையில் அடித்துக்கொண்டார்.

"அடியே, அதை எங்கயாவது உள்ளுக்குள்ள ஒளிச்சு வச்சுட்டு, இல்லன்னு சொல்லிட்டு வா. ஊரே அப்படித்தான் சொல்லுது. ரொட்டிக்கு விபிஎன்னா என்னன்னு தெரியுமா?"

"ரொட்டிக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே."

"அப்ப பிள்ளை எப்படி இருக்கான்னு யார்கிட்ட கேப்ப?"

கீழே விழுந்த ரொட்டித் துணுக்கைக்கூட எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொள்கிறவள் சுல்குன். ரொட்டியைத் தொட்டுப் பொய் சொன்னால் அந்தப் பாவம், வயிற்றில் குறுக்கே கிடக்கும் அந்த உயிரின் மேல் போய் விழும் என்று பயந்தாள். படித்தவள் இப்படி நினைக்கலாமா என்று கேட்பவர்கள், தங்கள் பிள்ளை ஆபரேஷன் மேஜையில் கிடக்கும்போது வந்து கேட்கட்டும்.

விடிந்ததும் லாலேயைக் கூப்பிட்டாள். "தைரியமா இரு கண்ணு. ரெண்டு மூணு நாள் அம்மா வரமாட்டேன்" என்றாள். "ஏம்மா? இன்னிக்குப் போய் ஏன்?" என்று அவள் அழுதாள். சுல்குன் போனை வைத்தாள். ஆப்பையும் சாவியையும் அழித்தாள். துண்டுச்சீட்டை அடுப்பில் போட்டாள். இப்போது இல்லை என்று சொன்னால் அது உண்மை. அது போதும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆசிரியர் அறையில் மேஜைமேல் வெள்ளைத் துணி, அதன்மேல் முழு ரொட்டி, பக்கத்தில் ஒரு கிண்ணம் உப்பு. வந்தவன் முப்பதைத் தாண்டாத ஆள், கோட்டும் டையுமாக வேர்த்துக்கொண்டிருந்தான். வெளியே முப்பத்தாறு டிகிரி. சுல்குனின் போனை நெடுநேரம் தடவினான். ஒன்றும் அகப்படவில்லை. அப்புறம் இணையப் பக்கத்தைத் திறந்தான். ராத்திரி கடைசியாகப் பார்த்தது அப்படியே நின்றிருந்தது.

"என்ன டீச்சர், உங்க போன்ல மட்டும் பதினோரு டிகிரி, மழைன்னு காட்டுது? ஃபிராங்ஃபர்ட்டாமே?"

ஜெர்மனி வாசல் வழியாகப் போனதால் போன் அவளை ஜெர்மனிக்காரி என்று நினைத்துக்கொண்டு அந்த ஊர் வானிலையைக் காட்டியிருக்கிறது. ஆப்பை அழித்தவள் இந்தப் பக்கத்தை மறந்துவிட்டாள். காது இரண்டும் கொதித்தன.

தாவுஸ் கடகடவென்று சிரித்தாள். "அட தம்பி, இவ பூகோள டீச்சர்! ஏழாம் வகுப்புக்கு ஐரோப்பா நடத்துறா. எந்த ஊர்ல மழை, எந்த ஊர்ல பனின்னு நோண்டாட்டா இவளுக்குத் தூக்கம் வராது. நீங்களே கேட்டுப் பாருங்க. ஏய் சுல்குன், ஃபிராங்ஃபர்ட் எந்த ஆத்தங்கரையில இருக்கு?"

"மைன் ஆத்தங்கரையில."

உண்மையைச் சொன்னதால் நாக்கு குழறவில்லை. அவன் அரைமனதோடு போனை நீட்டினான். "சரி, சத்தியத்தைப் பண்ணுங்க."

சுல்குன் ரொட்டியின் மேல் கையை வைத்தாள். "என் போனில் விபிஎன் இல்லை. பொய்யானால் ரொட்டியும் உப்பும் என்னை அடிக்கட்டும்."

"இருங்க, இனிமேலும் வைக்க மாட்டேன்னு சேர்த்துச் சொல்லுங்க."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. கையை எடுக்கவும் முடியவில்லை. பின்னால் பதினெட்டுப் பேர் நிற்கிறார்கள். "இனிமேலும்... வைக்க மாட்டேன்" என்றாள். ரொட்டி இன்னும் சூடாக இருந்தது.

பதினொன்றரைக்கு அவள் எட்டாம் வகுப்பில் நைல் நதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். என்ன பேசினாள் என்று அவளுக்கே தெரியாது. மனமெல்லாம் ஒரே கேள்விதான்: தாவுஸ் எப்படி அவ்வளவு சட்டென்று சமாளித்தாள்? அந்த மழைக்கு என்ன அர்த்தம் என்று, விபிஎன் வைத்திருப்பவர்களைத் தவிர யாருக்குப் புரியும்?

மணி அடித்ததும் நேரே தாவுஸின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். "அக்கா, என் பொண்ணுக்கு இன்னிக்கு ஆபரேஷன்" என்றாள்.

தாவுஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இதைக் காலையிலேயே சொல்றதுக்கு என்னடி?" என்று வைதுகொண்டே சட்டைக்குள்ளிருந்து இன்னொரு போனை எடுத்தாள். "என் பையன் பெலாரஸ்ல இருக்கான். முதல்ல என்னை மாதிரி பொறுப்புல இருக்கறவங்ககிட்ட மட்டும் சத்தியம் வாங்கினப்பவே பொய்தான் சொன்னேன். அன்னியிலிருந்து மூணு வருஷமா நான் ரொட்டி தொடுறதில்ல. எல்லாரும் எனக்குச் சர்க்கரைன்னு நினைக்கிறாங்க, நினைக்கட்டும். நம்பரைச் சொல்லு."

வளையம் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. திரையில் மருமகன் முகம், அப்புறம் ஆஸ்பத்திரிச் சுவர், அப்புறம் லாலே. உதடு காய்ந்து, கண் பாதி மூடி, மார்பின் மேல் சிவப்பாக ஒரு முகம்.

"பேத்திம்மா. நல்லா இருக்கா. நீ வரமாட்டேன்னுதானே சொன்ன?"

சுல்குன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தாவுஸ் சன்னலோரம் போய் நின்றுகொண்டாள்.

"நாளைக்கும் வருவியாம்மா?"

"வருவேன். தினமும் வருவேன்."

திரை அணைந்தது. சுல்குன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தன் போனை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"எனக்கும் போட்டுக் குடுங்கக்கா."

"யோசிச்சுக்கோடி. காலையிலதான் கை வச்ச."

"அடிக்கட்டும்" என்றாள் சுல்குன். "என்னைத்தானே அடிக்கச் சொன்னேன்."