நாளைக்கு வாங்க

ஸ்டெல்லா மேடம் செவ்வாய்க்கிழமை காலை காலமானார். அவருடைய தங்கை கடைக்குப் போன் செய்து சொன்னபோது, எலெக்ட்ரானிக் சிட்டியில் மூடிவிட்ட ஒரு கம்பெனியின் நாற்காலிகளை டெம்போவிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தோம். ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

மேடம் கல்லூரியில் சமூகவியல் விரிவுரையாளர். நான் ஜோகுபாளையத்தில் பழைய ஆபீஸ் சாமான் வாங்கி விற்கிறவன். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு கட்டுக் கேள்வித்தாளோடு வந்தார். புதுக் கம்பெனிகளால் ஊர் எப்படி மாறுகிறது என்று ஆராய்கிறாராம். "நாளைக்கு வாங்க மேடம்" என்றேன். எங்கள் வியாபாரத்தில் அதற்கு 'வராதீர்கள்' என்று பொருள். மறுநாள் கடை திறக்கும்போது வாசலில் நின்றார்.

கேள்விகளுக்குப் பதில் சொன்னேன், பாதி பொய். மூன்றாம் நாள் அவரே பிடித்துவிட்டார்.

"நேத்து ஆறு பேரை நாளைக்கு வாங்கன்னீங்க. ஒருத்தரும் காணோமே?"

"வரமாட்டாங்க மேடம். அவங்களுக்குத் தெரியும்."

"அப்ப எனக்குச் சொன்னதும்..."

"அதேதான். நீங்கதான் வந்துட்டீங்க."

கேள்வித்தாளை மடித்துப் பைக்குள் வைத்தவர் அப்புறம் அதை எடுக்கவே இல்லை. "கேட்டா ஒண்ணு, கூட உட்கார்ந்து பார்த்தா இன்னொண்ணு. பதினஞ்சு வருஷமா இதைத்தான் வகுப்புல சொல்றேன். செஞ்சதில்ல" என்றார்.

வியாபாரம் நடக்கும்போது வாய் திறக்கக் கூடாது என்பது நான் போட்ட நிபந்தனை. எழுதியதை எனக்குப் படித்துக் காட்டாமல் அச்சுக்கு அனுப்புவதில்லை என்பது அவர் போட்டது. எனக்கு அது அப்போது பெரிதாகத் தெரியவில்லை.

ஒருமுறை ஒரு மேனேஜரின் சுழல் நாற்காலி போகிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்று சந்தாபுராவுக்கு டெம்போவிலேயே வந்தார். "மேடம் வேறயா? சேருக்கே இடமில்லண்ணா" என்று டிரைவர் முனகினான். நாற்காலி ஒரு சலூனில் இறங்கியது. "கம்பெனி சேர் மேடம். இதுல உட்காரணும்னே வழுக்கைத் தலைக்காரனும் கட்டிங்குக்கு வருவான் பாருங்க" என்றார் சலூன்காரர். மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். அங்கே ஒரு எழுத்துகூட எழுதவில்லை. திரும்பி வரும்போது, குலுங்குகிற வண்டியில் எழுதினார். "எதிர்ல எழுதினா அவர் பேச்சு நின்னுடும்" என்றார்.

பிறகு நோய் வந்தது. போன மாதம் போன் செய்தார். "உங்க கடை அத்தியாயம் முடிஞ்சுது. என்னால வர முடியாது. நீங்க வந்து கேக்கறீங்களா?"

அன்றைக்கு மூன்று லோடு. இடுப்பு விட்டுப்போயிருந்தது.

"நாளைக்கு வரேன் மேடம்."

சிரித்தார். "உங்க நாளைக்கு எனக்குத் தெரியாதா?"

உண்மையாகவே போகத்தான் நினைத்தேன். போகவில்லை. அலுப்பு, வேறு காரணம் சொல்ல என்னிடம் இல்லை.

கல்லறையில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது தங்கை சொன்னார்: "காலேஜ்ல அச்சடிக்கக் கேக்கறாங்கண்ணா. ஆனா 'முதலில் கடைக்காரருக்குப் படிக்கவும்'னு அக்கா ஃபைல் மேல எழுதி வெச்சிருக்காங்க. எப்ப வர்றீங்க?"

நாக்கு நுனிவரை வந்த வார்த்தையை விழுங்கினேன். "இன்னைக்கே வரேம்மா."

"இன்னைக்கு வீடு நிறைய ஜனம். ஞாயித்துக்கிழமை நானே கடைக்கு வரேன்."

போய் வாருங்கள் மேடம். உங்கள் தங்கையோடு பேசி முடித்தது இதுதான்: ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்ததும், கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அவர் படிப்பார். முடியும்வரை நான் வாய் திறக்கக் கூடாது. கடையின் பெயர் வராது. நான் பொய் சொன்ன இடங்கள் அப்படியே இருக்கும். கிழமை மாறாது.