பெரிய பீலியும் ஒரு சிரட்டையும்

எங்கள் வீட்டுத் தண்ணீர்க் குடத்தின் மேல் ஒரு தேங்காய்ச் சிரட்டை கவிழ்ந்து கிடக்கிறது. ரப்பர் பால் பிடித்த சிரட்டை. சாம்பல் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் அந்த வாடை முழுசாகப் போகாது. பேரப்பிள்ளைகள் அதில் குடிக்க மாட்டார்கள். மச்சானும் நானும் குடிப்போம்.

கலவானப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இரண்டு பேரும் பால் வெட்டினோம். அப்போது அவர் எனக்கு மச்சான் இல்லை. லயம் என்கிற வரிசை வீட்டில் எங்கள் அறைக்குப் பக்கத்துக் காம்பராக்காரர், என்னை அண்ணே என்பார். பால் வெட்டுகிறவனுக்கு மழைதான் லீவு. மரம் நனைந்தால் கத்தி வைக்க முடியாது, வைத்தாலும் பால் தண்ணீரோடு ஓடிவிடும். அப்படி ஒரு மழை நாளில், அரசாங்கக் காட்டுக்குள் இருக்கிற பெரிய பீலியைப் பார்த்துவிட்டு வருவோம் என்று கூப்பிட்டார். எங்கள் ஆட்கள் அந்த அருவிக்கு வைத்த பேர் அது. மழையில் அங்கே யாரும் போக மாட்டார்கள், அட்டை கடித்துத் தின்றுவிடும். எதற்கு என்று கேட்டேன். சவர்க்காரக் கட்டியை நீட்டினார். அட்டை ஏறாமலிருக்க அதைக் காலுக்குத் தேய்த்துக்கொண்டு போனோம்.

எதற்கென்று அங்கே போய்த்தான் தெரிந்தது. லயத்தில் முதல் காம்பராவில் இருமினால் கடைசிக் காம்பராவில் மருந்து சொல்வார்கள். ரகசியம் பேச இடமில்லை. என் தங்கச்சிக்கு இரத்தினபுரியில் கடையில் நிற்கிற ஒரு பையனைப் பேசிக்கொண்டிருந்தார்கள், அந்த ஞாயிறு வாக்குக் கொடுப்பதாக இருந்தது. இவர் ஆளில்லாத இடம் தேடியிருக்கிறார். இடம் சரிதான். ஆனால் பாறையே தெரியாமல் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது, ஒட்டி நின்று பேசினாலும் கேட்காது. சத்தம் போட்டுப் பேசியே அறியாத மனுஷன், என் காதில் வாய் வைத்துக் கத்தினார்.

“மச்சான்!”

அண்ணே போய் மச்சான் வந்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. மீதியையும் கத்தினார்.

“தங்கச்சிய வெளிய குடுத்துறாதீங்க. நான் கட்டிக்கிறேன்.”

எனக்குக் கத்த வரவில்லை. அவர் பைக்குள் எப்போதும் ஒரு சிரட்டை இருக்கும். அதை எடுத்து, தண்ணீர் பிடித்து, அவர் கையில் கொடுத்தேன். குடித்தார். அவ்வளவுதான் பேச்சு. நனைந்து வீடு வந்தால், தங்கச்சி தேத்தண்ணி கூடக் கொடுக்காமல், “சொல்லிட்டாரா?” என்றாள்.

போன வருஷம் தங்கச்சி போய்ச் சேர்ந்துவிட்டாள். மச்சானுக்கு இப்போது காது மந்தம். கொழும்பிலிருக்கிற அவர்கள் மகள், அப்பாவைத் தன்னோடு கூட்டிப்போக வந்திருந்தாள். நல்ல பிள்ளை. மச்சானும் தலையாட்டிவிட்டு, லயத்துக் காம்பராவில் உட்கார்ந்து சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். அங்கே வைத்து நான் கத்தினால் லயமே கேட்கும், மகள் மனசும் நோகும். பெரிய பீலி இருக்கிற பக்கம் கையைக் காட்டினேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

வெயில் காலம். இப்போது பெயர்ப் பலகை நட்டு, பிடித்து ஏறக் கம்பியும் போட்டிருக்கிறார்கள். டவுன் பையன்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அருவி நூல் மாதிரி விழுந்தது, சத்தமே இல்லை. மழையில் மட்டுமே அதைப் பார்த்தவர்கள் நாங்கள். வேறு எங்கோ வந்துவிட்ட மாதிரி இருந்தது. அவர் காதில் வாய் வைத்தேன்.

“மச்சான், கொழும்புக்குப் போகாதீங்க. நம்ம வீட்டுக்கு வந்துருங்க.”

பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் என்னைச் சீயா, அதாவது தாத்தா என்று கூப்பிட்டு, ஏதும் பிரச்சினையா என்று சிங்களத்தில் விசாரித்தான். ஒன்றுமில்லை என்று கையசைத்தேன். மச்சான் நூலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கேட்டுச்சு. இன்னொருக்கா சொல்லுங்க.”

சொன்னேன். அதே சத்தத்தில். அவர் பைக்குள்ளிருந்து சிரட்டையை எடுத்து அந்த நூலுக்கு அடியில் பிடித்தார். மரத்தில் பால் நிறைகிற மாதிரி மெதுவாக நிறைந்தது. நிறைந்ததும் என்னிடம் நீட்டினார்.

மகள் தனியாகத்தான் பஸ் ஏறினாள். அடிக்கடி வந்து பார்த்துவிட்டுப் போகிறாள். மழை பெய்கிற காலையில் மச்சான் எனக்கு முன்னே எழும்பி, இன்றைக்கு வெட்டு இல்லை என்பார், நாங்கள் கத்தியை விட்டு எத்தனையோ வருஷமான பிறகும். பிறகு குடத்தின் மேலிருந்து சிரட்டையை எடுப்பார். முதல் தண்ணீர் எனக்கு.